லாபியில் கேட்ட குரல்

ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர் அகராதி. கல்யாணமான புதிதில் மாமியாரும் அவளை அப்படித்தான் சொல்வார். அது வேறு பொருளில்: "எதுக்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி. அகராதி புடிச்சவ." இங்கே யாரும் திட்டவில்லை. ஆன்லைன் விளையாட்டு நடத்தும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. விளையாடுகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கொடுக்கும் புகார்கள் சின்னச் சின்ன ஒலித்துண்டுகளாக வந்து விழும். அதைக் கேட்டு, இது விளையாட்டுப் பேச்சா, நிஜமான மிரட்டலா என்று பிரித்துப் போடுவது அவள் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்கள் வார்த்தை புரியாமல் அவளிடம் வருவார்கள்.

"அக்கா, 'நீ ஃபீட் பண்ணாத'ன்னு ஒருத்தன் திட்டுறான். சோறு போடாதன்னா?"

"இல்ல. திரும்பத் திரும்பப் போய் எதிரிகிட்ட செத்துச் செத்து அவனுக்குப் பாயிண்ட் கொடுக்கிறானாம். அதான் ஃபீட்."

"ஃபார்ம் பண்ணிட்டிருக்கேன்னா?"

"விவசாயம் இல்ல. மூலையில நின்னு காசு, சாமான் எல்லாம் சேக்கிறான். கேரின்னா மத்தவங்களையும் சேத்துச் சுமந்து ஜெயிக்க வைக்கிறவன். யாராவது கேம்ப் பண்றான்னு சொன்னா கூடாரம் எதுவும் தேடாத. ஒளிஞ்சு உக்காந்து சுடுறான்னு அர்த்தம்."

பள்ளிக்கூடத்தில் படித்த அதே வார்த்தைகள்தான். வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றன. முதல் வாரங்களில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. 'உன்னைக் கொல்லுவேன்', 'உன் வீட்டையே எரிப்பேன்' என்று காதுக்குள் நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, பிறகு சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. தொடர்ந்து ஐஸ் பிடித்த கை மாதிரி உள்ளே ஏதோ மரத்துப் போயிருந்தது. 'கொல்லுவேன்' என்றால் விளையாட்டுப் பேச்சு, அடுத்தது. 'எரிப்பேன்' என்றால் விளையாட்டுப் பேச்சு, அடுத்தது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டிலும் அதே பேச்சுதான். அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கூடவே வேலை செய்த பார்ட்னர் லிப்ட் குழிக்குள் விழுந்து இறந்துபோனான். இவன் மேலே கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து வைத்து நின்றிருந்தான். சத்தம் மட்டும்தான் கேட்டான். யார்மேலும் தப்பில்லை, பாதுகாப்புக் கயிற்றின் துருப்பிடித்த கொக்கிதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். கம்பெனி லீவு கொடுத்தது. லீவு நாலு மாசமாக நீண்டது. அவன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால், அவள் கம்பெனி நடத்தும் விளையாட்டிலேயே உட்கார்ந்தான். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

அழுதான், குடித்தான் என்றால் அக்கம்பக்கத்தில் சொல்லவாவது ஏதாவது இருந்திருக்கும். அவன் குளித்தான், துணி மடித்தான், குக்கர் வைத்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான். அவளும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். கதவு வழியே அவன் குரல் வரும்: "நான் ஹீல் பண்றேன், நீ முன்னாடி போ... டவுனா? இரு, வந்து ரிவைவ் பண்றேன்." விழுந்தவனை எழுப்பி நிற்க வைக்கிற வேடம் அவனுக்கு. பகல் முழுக்க ஆபீஸில் கேட்ட பேச்சு வீட்டிலும் கேட்கிறதே என்று அவள் அந்தக் கதவைச் சாத்திவிடுவாள்.

அன்று காலை வந்த ஒலித்துண்டும் வழக்கமானதுதான். புகார்க் காரணம், 'வீரரின் பாதுகாப்பு'. கூட விளையாடிய ஒருவர் கொடுத்தது. பெயர்களை மறைத்துத்தான் அனுப்புவார்கள். அவள் பொத்தானை அமுக்கினாள்.

"அண்ணே, அடுத்த மேட்ச் வாங்கண்ணே," என்றது ஒரு இளங்குரல்.

"வேணாம்பா. நீங்க ஆடுங்க."

"என்னண்ணே, ஒரு தடவை செத்ததுக்கே இப்படி ஆயிட்டீங்க?"

"நான் செத்து நாலு மாசமாச்சுப்பா. சும்மா லாகின் பண்ணியே கெடக்கேன். ஒருநாள் ஒயரைப் பிடுங்கிட்டாப் போதும்."

ரெண்டு பேர் சிரித்தார்கள். "அண்ணன் லேக் ஆகுறாரு, நெட் ஸ்லோ போல," என்றான் ஒருவன். துண்டு முடிந்தது.

அவள் விரல் 'விளையாட்டுப் பேச்சு' என்ற பொத்தான் பக்கம் போய்விட்டது. நின்றது. மறுபடி கேட்டாள். பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்கிற அந்தப் பழக்கம். 'வேணாம்பா' என்பதில் கடைசி எழுத்தை விழுங்குகிற விதம். பதினொரு வருஷமாகக் காதில் விழுகிற குரல்.

அவளுக்குப் பதறவில்லை. அதுதான் அவளுக்கே விசித்திரமாக இருந்தது. மூன்றாவது தடவை குரலை விட்டுவிட்டு, பின்னால் என்ன கேட்கிறது என்று கவனித்தாள். இந்த வேலையில் முதலில் பழகுவது அதுதான். துப்பாக்கிச் சத்தம் இருந்தால் ஆட்டம் நடக்கிறது. அப்போது 'செத்தேன்' என்றால் வெறும் செய்தி. இதில் துப்பாக்கி இல்லை. ஆட்டம் முடிந்து அடுத்ததற்குக் காத்திருக்கும் இடத்தை லாபி என்பார்கள். அங்கே ஓடுகிற மெல்லிசை ஓடிக்கொண்டிருந்தது. லாபியில் யாரும் சாவதில்லை.

எழுந்து டீம் லீடர் மேஜைக்குப் போனாள். தெரிந்தவர் சம்பந்தப்பட்டதை வேறு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அவளைவிடச் சின்னவன் அவன். ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக் கேட்டான்.

"கேம் பேச்சுதானேக்கா? இது மாதிரி நாளைக்கு எத்தனை வருது."

"பின்னாடி கேளுங்க சார். மியூசிக் ஓடுது."

ரெண்டு காதிலும் வைத்துக் கேட்டான். "ஆமா. லாபி." நிமிர்ந்தான். "இதை ஏன் நீங்க முடிக்கல?"

"அது எங்க வீட்டுக்காரர்."

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தான். கீபோர்டின் ஓரத்தைத் தடவினான். பிறகு, "நான் பாத்துக்கறேன். நீங்க கெளம்புங்கக்கா. உங்களுக்கு லீவு நான் போட்டுடறேன்," என்றான்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தாள். போன் செய்யலாமே என்று நடுவழியில்தான் தோன்றியது. செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அப்போதுதான் கால் வேகமெடுத்தது. மனசுக்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஹெட்செட் கழுத்தில் தொங்கியது. போன் அடுப்படியில் கிடந்தது. திரையில் ஒரு கட்டத்துக்குள் தமிழில் எழுத்துகள்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்ட?" என்றான். பிறகு திரையைக் காட்டினான். "இதைப் பாரு. 'அன்பான வீரரே, நீங்கள் தனியாக இல்லை.' கீழ ஒரு போன் நம்பர். எவனோ நான் சாகப்போறேன்னு புகார் கொடுத்திருக்கான்."

"தெரியும்."

"எப்படி?"

"அந்தப் பேச்சு எங்கிட்டதான் வந்துச்சு."

அவன் அவளைப் பார்த்தான். "உன் வேலைக்கு நானும் வந்துட்டேனா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "அது சும்மா கேம் பேச்சும்மா. உனக்குத் தெரியாததா."

"மேட்ச் முடிஞ்சிருந்துச்சுங்க."

கழுத்து ஹெட்செட்டிலிருந்து யாரோ 'அண்ணே, அண்ணே' என்று கூப்பிடுவது கொசுச் சத்தம்போல் வந்தது. அவன் ஒயரைப் பிடுங்கினான். சத்தம் நின்றது. அவன் சொன்ன ஒயர் இதுதானா, வேறா என்று அவள் கேட்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"சாகணும்னு தோணலை," என்றான். "இருக்கணும்னும் தோணலை. பசிக்குதா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. குக்கர் விசிலடிச்சா, சரி, சாப்பிடுற நேரம்னு சாப்பிடறேன்."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு."

"உனக்கா?"

"உங்க குரலை மூணு தடவை கேட்டேன். ஒண்ணுமே ஆகலை எனக்கு."

சொல்லிவிட்ட பிறகு, இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவனைப் பார்த்தாள். அவன் முகம் வாடவில்லை. தனக்குத் தெரிந்த ஊரிலிருந்து இன்னொரு ஆள் வந்தது மாதிரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் விழும்போது கத்தலை," என்றான். "அதை யார்கிட்டயும் சொல்லலை. எல்லாரும் கேட்டாங்க, கத்தினானா, கூப்பிட்டானான்னு. 'டார்ச் எங்கே'ன்னு சாதாரணமாக் கேட்டுட்டிருந்தான். நான் 'உன் கையிலதான் இருக்கு'ன்னேன். அவ்வளவுதான்."

அவள் அவன் கையைப் பிடிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்தான். சாயங்காலம் அந்த நம்பருக்கு அவள்தான் போன் போட்டாள். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டு, பக்கத்தில் இருக்கும் ஒரு டாக்டரின் பெயரைச் சொன்னாள்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார். முதல் சில வாரங்கள் அவன் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தான். பிறகு பேச ஆரம்பித்தான் என்று டாக்டரே சொன்னார். மூன்றாவது தடவை போனபோது அவளையும் உள்ளே கூப்பிட்டார். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். "நல்லாருக்கேன்," என்றாள். அவர் எதுவும் எழுதாமல் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கும் ஒரு நேரம் ஒதுக்கினார்.

யார் புகார் கொடுத்தது என்று அவன் ரெண்டு தடவை கேட்டான். பெயர் தனக்கும் தெரியாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்றாள். "சிரிச்சவங்க ரெண்டு பேர். மூணாவதா ஒருத்தன் எப்பவும் பேசவே மாட்டான்," என்றான் அவன். "அவன் மைக்கே ஆன் பண்ண மாட்டான். தமிழ் தெரியாதுன்னு நெனைச்சிட்டிருந்தோம்."

அவன் மறுபடி வேலைக்குப் போகிறான். குழிப் பக்கம் அனுப்ப வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால், பட்டறையில் உட்கார்ந்து கன்ட்ரோல் போர்டுகளைச் சரிபார்க்கும் வேலை. போன செவ்வாய்க்கிழமை வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு மத்தியானம் கேன்டீன்ல சாம்பார்ல உப்பே இல்லை," என்று சொன்னான்.

"சொல்லலையா அவங்ககிட்ட?"

"சொன்னேன். சண்டையே போட்டேன்."

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தாமல், என்ன சண்டை, யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.