கழன்று விழும் குதிகால்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடக்கிறது. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருப்பதால், கல்வராயன் மலைக்குப் போகும் என் பஸ் கள்ளக்குறிச்சியிலேயே நிற்கிறது. நடந்ததில் ஷூவின் குதி பிய்ந்துவிட்டது. திறந்திருக்கும் ஒரே செருப்புக்கடைக்குள் நுழைகிறேன்.

சுவரில் மரக்கால்கள் தொங்குகின்றன. வாடிக்கையாளர்களின் அளவில் செதுக்கி, அதன்மேல் ஷூ தைக்கிற கட்டைகள். குதிகால் மட்டும் தனித்துண்டு. திருகாணியால் பூட்டியிருக்கிறது, தேய்ந்தால் மாற்றலாம். சில கட்டைகளுக்குக் குதிகாலே இல்லை.

"அதெல்லாம் செத்துப்போனவங்க காலுங்க," என்கிறாள் கடைக்காரப் பெண். "ஆளு போயிட்டா குதிகால கழட்டிருவோம். இல்லாங்காட்டி கட்டை நடக்குமாம்."

என் அளவுக்கு ஒரு கட்டையை எடுக்கிறாள். "இது எங்க வூட்டுக்காரரு காலு. காலைல சைக்கிள்ல மணலூர்பேட்டைக்குப் போனாரு, ஷூ குடுக்க. இன்னும் வர்ல."

என் ஷூவுக்குள் நுழைக்கும்போதே கட்டையின் குதிகால் கழன்று விழுகிறது. திருகாணியை இறுக்கிப் பூட்டுகிறாள். மறுபடி விழுகிறது. திருகாணி புதுசு, பளபளக்கிறது.

மூன்றாம் முறை அவள் திருகாணியைத் தொடவில்லை. குதிகாலைக் கட்டையோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்க்கிறாள்.

"ஷூவ எடுத்துக்கினு போங்க சார். நான் இப்ப கைய எடுக்க முடியாது."