எங்கள் திருஷ்டி பொம்மையைத் தேடி வந்த பேய்கள்

இன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து சட்டைகூட மாற்றவில்லை, காலிங் பெல் அடித்தது.

திறந்தால் ஒரு சூனியக்காரி, ஒரு எலும்புக்கூடு, பெட்ஷீட்டைப் போர்த்திய ஒரு பேய். மூவரும் மேல்மாடிப் பிள்ளைகள்.

"ட்ரிக் ஆர் ட்ரீட், அங்கிள்!"

ஹாலோவீனுக்கு வேஷம் போட்டு மிட்டாய் கேட்டுப் பிள்ளைகள் வரலாம் என்பவர்கள் மட்டும் வாசலில் பயங்கரமாக ஏதாவது மாட்டுங்கள் என்று பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் எதையும் மாட்டவில்லையே?

எலும்புக்கூடு கதவுக்கு மேலே கை காட்டியது. குடிவந்த அன்று நான் மாட்டிய திருஷ்டி பொம்மை, கோரைப்பல்லும் பிதுங்கிய கண்ணுமாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"புள்ளைங்கள வெறுங்கையோட அனுப்பாதீங்க. தீபாவளி முறுக்கு டப்பாவுல இருக்கு பாருங்க" என்று உள்ளிருந்து மனைவியின் குரல்.

கொடுத்தேன். முறுக்கைக் கடித்தபடி பேய் கேட்டது: "வாட் டஸ் ஹீ டூ, அங்கிள்?"

யார் கண்ணும் எங்கள் வீட்டின்மேல் படாமல் பார்த்துக்கொள்வார் என்று விளக்கினேன்.

பேய் போய் எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பாதி பில்டிங் எங்கள் வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. குரூப்பில் "பெஸ்ட் டோர்" என்று போட்டோ வேறு.

"மொத்தக் கண்ணும் இப்ப அதுமேலதான்" என்கிறாள் மனைவி.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திருஷ்டி பொம்மைக்கே திருஷ்டி பட்டால் எதைச் சுற்றிப் போடுவது? பூசணிக்காய் என்று மட்டும் சொல்லாதீர்கள். கடையில் இருந்ததையெல்லாம் வாங்கிவந்து பில்டிங்காரர்கள் ஹாலோவீனுக்காகக் கண், மூக்கு வெட்டி உள்ளே விளக்கு வைத்துவிட்டார்கள்.