மெர்சியின் கிழக்கு அறை

புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் காற்று திசை மாறினால் எங்கள் வீட்டுக்குள் மருந்தாலையின் வாடை வந்துவிடும். புளித்த மாவில் ஈர அட்டையை ஊறப்போட்டது போன்ற ஒரு வாடை... இன்று காலையும் வந்தது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் அது போகவில்லை. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

உயிரோடிருந்த ஒருத்தியை இறந்துவிட்டாள் என்று எழுதினேன். தவறு என்று தெரிந்த பின்னும் அதைத் திருத்தவில்லை.

இதைவிட வெட்கமானது ஒன்று உண்டு. அந்தத் தவறான பக்கத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது!

என் தொழிலை முதலில் உங்களுக்குச் சொல்லவேண்டும். ஹிஞ்சேவாடியில் ஒரு சிறிய நிறுவனம். அமெரிக்கர்களுக்கு அவர்களுடைய முன்னோரைத் தேடிக் கொடுக்கிறோம். அந்த நாடு ஆங்கிலேய அரசனுக்குக் கட்டுப்பட்டிருந்த காலத்து உயில்கள்... ஒருவன் கண்ணை மூடியதும் அயலார் அவன் வீட்டுக்குள் நுழைந்து கரண்டி முதல் கன்றுக்குட்டி வரை எழுதிவைத்த பட்டியல்கள்... பிள்ளைகள் நீதிமன்றத்தில் ஒப்படைத்த பாகப்பிரிவினைகள். எல்லாம் படங்களாக எங்கள் திரைக்கு வரும். படித்து, யார் யாருக்குப் பிள்ளை, யார் யாருக்கு மனைவி என்று கோடு இழுப்போம்.

அந்தக் கையெழுத்துகளை என்னைப் போலப் படிக்கக்கூடியவர் இந்த ஊரில் இல்லை. தன்னடக்கத்துக்கு இது இடமல்ல. இறகு எந்த இடத்தில் மறுபடியும் மையில் தோய்ந்தது, சாகக் கிடந்தவன் எந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லுமுன் தயங்கினான், எழுத்தன் எப்போது களைத்துப்போனான்... எனக்குத் தெரியும்! நான் வசன கவிதை எழுதுகிறவள். என் கவிதைகளைப் படித்தவர்கள் எல்லோரையும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ஆனால் ஓர் உயில் என் கைக்கு வந்தால் அதில் இருப்பவர்கள் எழுந்து நடக்கவேண்டும். அப்படித்தான் நான் வேலை செய்தேன்.

என் அம்மாவுக்கு மட்டும் இதில் மதிப்பில்லை. “செத்தவங்க வூட்டு சட்டி பானைய எண்றதுக்கு சம்பளமா? நல்லா இருக்குடி ஒங்க கம்பெனி!” என்பாள்.

ராபர்ட் என்று ஒரு முதியவர். மாசசூசெட்ஸில் இன்னும் பூர்வீக நிலத்தின் ஓரத்திலேயே குடியிருப்பவர். அவருடைய மூதாதை எபனேசர். அந்த எபனேசரின் உயிலில்தான் மெர்சியைச் சந்தித்தேன். எபனேசரின் மனைவி.

அவன் அவளுக்கு விட்டுச்சென்றதைக் கேளுங்கள். வீட்டின் கிழக்கு அறை. அந்த அறையின் கணப்பு. கிணற்றுக்குப் போய்வரும் வழி. நிலவறையில் பாதி. ஒரு பசு, அதற்குக் குளிர்காலத் தீவனம். வாசலில் வெட்டிப் போடப்பட்ட விறகு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போக ஒரு குதிரை. இவ்வளவும்... “அவள் என் விதவையாக இருக்கும் காலம் வரை.”

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கிணற்றுக்குப் போகும் வழியைக்கூட எழுதிவைத்துவிட்டுச் சாகிற ஒருவன்! அந்த வழியில் இத்தனை வருடம் கழித்து நான் நடந்தேன். அவளுக்கு மூன்று பிள்ளைகள். இரண்டு மகன்கள், கடைசியாக ஹன்னா என்று ஒரு பெண்.

அடுத்த ஏடு பாகப்பிரிவினை. மகன்கள் இருவரும் கிழக்கு அறையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணப்பு மூத்தவனுக்கு. ஜன்னல் இளையவனுக்கு.

நான் கேட்கிறேன், நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள்? நம் வீடுகளில் அம்மாவின் அறையை எப்போது பங்கு போடுவோம்? அம்மா போன பிறகுதானே! கொல்லைச் சுவரைக் கூட அவள் இருக்கும்வரை தொடமாட்டோமே. எனக்குச் சந்தேகமே வரவில்லை. ‘மெர்சி இதற்கு முன்பே இறந்தாள். கடைசி வரை எபனேசரின் விதவையாகவே வாழ்ந்தாள்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியை நானே இரண்டு முறை வாய்விட்டுப் படித்துக்கொண்டேன். அவ்வளவு பிடித்திருந்தது.

ராபர்ட் அழுதுவிட்டாராம். குடும்பத்தார் சேர்ந்து எபனேசரின் கல்லறைக்குப் பக்கத்தில் மெர்சிக்கு ஒரு புதுக் கல் நட்டார்கள். அதில் என் வரி! ‘கடைசி வரை அவருடைய விதவை.’ படம் அனுப்பினார்கள். கருங்கல்லில் வெட்டிய எழுத்து... எந்தக் கவிஞருக்கு இது வாய்க்கும்? அவர்கள் அச்சிட்ட குடும்ப வரலாற்றின் முன்னுரையில் ‘புனேயில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண் எங்கள் பாட்டியைக் கண்டுபிடித்தார்’ என்று எழுதினார்கள். அந்தப் புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடமும் காட்டியிருக்கிறேன்.

பிறகு எலன் எழுதினாள்.

எலன் வேறொரு ஊரில் தனியாக இருப்பவள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஆமோஸ் என்ற பீப்பாய்த் தச்சன் அவளுடைய மூதாதை. அவன் மனைவி பெயர் மெர்சி. அவள் எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ‘உங்கள் மெர்சிதான் எங்கள் மெர்சியா? அப்படியானால் ராபர்ட் குடும்பத்தின் கோடைக்காலக் கூடலுக்கு என்னையும் அழைப்பார்கள். எனக்கென்று யாரும் மிச்சமில்லை. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தாள்.

நான் பார்க்கவில்லை! ஒரு ஏட்டைக்கூடத் திறக்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே... ‘இல்லை. எங்கள் மெர்சி மறுமணம் செய்துகொள்ளவில்லை’ என்று பதில் அனுப்பினேன். ‘அப்படியா, ஆசைப்பட்டுவிட்டேன். நன்றி’ என்று எழுதினாள். அதற்குப் பிறகு எழுதவில்லை.

சில மாதங்கள் கழித்து, வேறொருவருக்காக அதே வட்டாரத்து ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பீப்பாய்த் தச்சனின் உயில் எதிரே வந்தது. ‘என் மனைவி மெர்சி என்னிடம் வரும்போது கொண்டுவந்த, மூலை உடைந்த நிலைக்கண்ணாடி அவளுக்கே.’ மூலை உடைந்த நிலைக்கண்ணாடி! எபனேசர் வீட்டுப் பட்டியலில், கிழக்கு அறையில், கட்டிலுக்கு அடுத்த வரியில் அது இருந்தது. எனக்கு மறக்குமா? தச்சனின் உயிலில் அதற்குக் கீழே இன்னொரு வரி. ‘மெர்சியின் முதல் கணவர் எபனேசரின் மகள் ஹன்னாவை என் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தேன். அவளுக்கு ஒரு பசு.’

அவள் சாகவில்லை. கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள்! விதவையாக இருக்கும் காலம் முடிந்தது, அறை போயிற்று, மகன்கள் பங்கு போட்டார்கள். அவ்வளவுதான்.

பக்கத்து மேசைப் பெண் சுமேதா எட்டிப் பார்த்தாள். மராத்திக்காரி. என்னை ‘தாயி’ என்பாள். அவர்கள் மொழியில் அக்கா.

“க்யா தாயி, ஆப்கீ மெர்சி தோ பாக் கயீ!” என்று கைதட்டிச் சிரித்தாள். ஓடிப்போய்விட்டாளாம் என் மெர்சி! “கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, பெண்ணையும் கூட்டிக்கொண்டு! சூப்பர் பெண்! இப்போது அந்தக் கல்லை என்ன செய்வார்கள்?”

“சத்தம் போடாதே” என்றேன்.

“எலன் மேடத்துக்கு எழுதிவிடுவீர்கள்தானே? நான் வேண்டுமானால் வரைவு எழுதட்டுமா?”

“நான் பார்த்துக்கொள்கிறேன்.”

பார்த்துக்கொண்டேன்... அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். அதுதான் நான் பார்த்துக்கொண்ட லட்சணம். அந்தக் கோடைக்காலக் கூடல் நடந்தது. அடுத்ததும் நடந்தது. எலன் எதிலும் இல்லை.

கல்லுக்காகவா? புத்தகத்துக்காகவா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதியவர் மனம் உடைந்துபோவார், நிறுவனத்தின் பெயர் கெடும், எழுதியது எழுதியதுதான்... பொய்! இந்த வாடைக்குத் தெரியும் உண்மை.

தேஹு ரோட்டில் ராணுவக் கிடங்குக் குடியிருப்பில் நான் வளர்ந்தேன். அப்பா அங்கே வேலை பார்த்தார். நான் பத்தாவது படிக்கும்போது மாரடைப்பில் போனார். கருணை அடிப்படையில் அவருடைய வேலையை அம்மாவுக்குக் கொடுத்தார்கள். ஆறு கஜம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் கிடங்கு வாசலுக்குள் முதன்முதலாக நடந்துபோனதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அப்படியொரு நடை! எங்கள் தெருவில் அவளை நிமிர்ந்து பார்க்காதவர்கள் இல்லை. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ‘அந்தம்மா மாதிரி இருக்கணும்’ என்று மேடையில் பேசினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் கழுத்து எவ்வளவு நீளமாயிற்று என்று எனக்குத்தான் தெரியும்.

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் இருந்தார். துரை மாமா. பிம்ப்ரி மருந்தாலையில் வேலை. மனைவி இல்லாதவர். ஞாயிற்றுக்கிழமைகளில் லோக்கல் ரயில் பிடித்து வருவார். மின்விசிறியைச் சரி செய்வார், அம்மாவைச் சிரிக்க வைப்பார், வடாபாவ் வாங்கி வருவார். சட்டையில் இந்த வாடை இருக்கும். எவ்வளவு துவைத்தாலும் போகாது என்பார்.

ஒருநாள் அவர் போன பிறகு அம்மா கதவருகே நின்றபடியே என்னிடம் கேட்டாள். “தொர மாமா ஒண்ணு கேக்குறாரு. நீ என்னாம்மா சொல்ற?”

என்ன கேட்டார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது. அவள் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது... பரீட்சை முடிவுக்காக நோட்டீஸ் போர்டின் முன் நிற்கிற பெண்ணைப் போல.

நான் கேட்டேன்: “அப்பா போட்டோவ எங்க மாட்டுவ?”

அவ்வளவுதான். துரை மாமா அதன் பிறகு வரவில்லை. அம்மா என்னைத் திட்டவும் இல்லை. மறுநாள் காலை அப்பாவின் படத்துக்குப் புது மாலை போட்டிருந்தாள்.

இப்போது விளங்குகிறதா உங்களுக்கு? கிழக்கு அறையில் மெர்சியை உட்காரவைத்தவள் யார் என்று? ஏட்டில் அவள் சாகவில்லை. என் கண்தான் அவளை எழுந்து போகவிடவில்லை. ஒருத்தியை அப்படி உட்காரவைத்துப் பழகிய கண்! திருத்தி எழுதினால்... மெர்சி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, ஹன்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டுவாளே. ஹன்னா அழுதாளா, குதித்தாளா? அந்தச் சிறுமி ஒன்றும் கேட்காமல் கூடப் போனாளே! அவள் எதிரில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்?

எலனுக்கு இன்றுவரை எழுதவில்லை.

போன வாரம் அம்மாவை அரக்கோணத்துக்கு ரயிலேற்றினேன். அங்கே என் தம்பி மகளுக்குக் காது குத்து. ஜன்னலோர இருக்கை, மடியில் சப்பாத்திப் பொட்டலம். ரயில் புறப்பட நேரம் இருந்தது. நான் நடைமேடையில் கம்பியைப் பிடித்து நின்றேன். ஏனோ அப்போது சொல்லிவிட்டேன். மெர்சியை, அறையை, நான் எழுதியதை, மூடி வைத்ததை. துரை மாமாவைச் சொல்லவில்லை.

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். “ரூமு, கெணறு, பசு மாடு... அல்லாத்தையும் வுட்டுட்டா போனா?”

“ஆமாம்மா.”

“தோ பார்றா! கெட்டிக்காரி.” சிரித்தாள். பிறகு, “பொட்டப் புள்ள இருந்துதுன்னியே?”

“ஹன்னா. கூடவே கூட்டிக்கிட்டுப் போயிட்டா.”

“எம்மா வயசு இருக்கும்?”

“தெரியலம்மா. கல்யாணம் ஆகாத பொண்ணு.”

எதிர் இருக்கைக்காரர் பெட்டியை உள்ளே தள்ளச் சொன்னார். அம்மா காலால் தள்ளினாள். ஊதல் ஒலித்தது. கம்பியிலிருந்து என் கையை எடுக்கச் சொல்லித் தட்டினாள்.

“அவ அந்தப் பொண்ண ஒரு வார்த்த கேட்டாளாமா?”

“உயில்ல அதெல்லாம் இருக்காதும்மா.”

ரயில் நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. எதிரே தண்டவாளங்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“கேட்டிருக்க மாட்டா.”