புதுச்சத்திரத்தில் வாங்கிய பாதிச் சீமைக் கார்

போன வருஷம் பழைய கார் ஒன்று வாங்கினதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது நாலு பேர் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கே போனாய், எப்படிப் பார்த்தாய், என்ன கொடுத்தாய் என்று கேள்வி. சேலத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் நான். எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் ஆழமாகப் படித்தவன். என்னிடம் வந்து யோசனை கேட்கிற அளவுக்கு ஊரில் அறிவுப் பஞ்சம் வந்துவிட்டதே என்று வருத்தமாக இருந்தாலும், ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதிவிட்டால் தீர்ந்தது.

1962 மே மாதம். என் மூத்த மகள் ரீத்தாவுக்குப் பதின்மூன்று வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போய், தொடையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் இரும்புச் சட்டம் போட்டிருக்கிறாள். நின்றால் முழங்காலில் ஒரு பூட்டு விழும். அதை விரலால் தூக்கினால்தான் கால் மடங்கும். எட்டாவது வரை பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம். ஒன்பதாவதற்கு ஊரின் அடுத்த கோடிக்கு, இரண்டரை மைல் போக வேண்டும். ரிக்‌ஷா வைக்கலாம்தான். ஆனால் ரிக்‌ஷாக்காரர் அவளை மூட்டை மாதிரி தூக்கித்தான் வைக்க வேண்டும். ஒரு தடவை அப்படி ஏறிப் போய் வந்தவள், என்னை யாரும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். தலைமையாசிரியை சிஸ்டர் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் இடம் வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் வழி பிறக்காவிட்டால் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்து வீட்டோடு வைத்துக்கொள்வது என்று என் மனைவி முடிவு செய்திருந்தாள். ரீத்தாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது.

புதுக் காருக்குப் பெயர் பதிந்து வைக்கலாம். ரீத்தா படித்து டீச்சராகி ரிட்டையர் ஆகிற வருஷம் வண்டி வந்து சேரும். ஆகவே பழைய கார். கல்யாண வீடுகளுக்குக் குழாய் ஸ்பீக்கர்களை ஏற்றிப் போகவும் ஆகும் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன்.

துணைக்கு என் மனைவியின் தம்பி சூசையைக் கூப்பிட்டேன். லாரிப் பட்டறையில் மெக்கானிக். கார் பார்க்கும்போது வாயைத் திறக்கக் கூடாது, எதைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்க வேண்டும் என்று எனக்கு இரண்டு நாள் பாடம் நடத்தினான். ரீத்தாவையும் கூட்டிப்போகலாம் என்றதும் அவனேதான்.

முதலில் வாழப்பாடி. சேலத்திலிருந்து பத்தொன்பது மைல். காலை ஏழு மணி பஸ், ஒன்றே கால் மணி நேரம். பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் தூக்கிவிட வந்தார். ரீத்தா பார்த்த பார்வையில் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். அங்கே ஒரு வியாபாரி மண்டிக்குப் பின்னால் நிறுத்தியிருந்த கார், உள்ளபடியே அழகு. கரும்பச்சை நிறம், வட்டமான முன்விளக்குகள், நிக்கல் பூசிய கைப்பிடிகள். உலகச் சண்டைக்கு முந்தின மாடல், எல்லாம் ஒரிஜினல், பெரிய துரை ஒருவர் வைத்திருந்தது என்றார். நான் உதட்டைப் பிதுக்க மறந்து வாயைப் பிளந்தேன்.

சூசை என் கடையிலிருந்து கெட்டுப்போன ஸ்பீக்கரின் காந்தத்தைக் கொண்டுவந்திருந்தான். அதைக் கைக்குட்டையில் சுற்றி மட்கார்டின் மேல் மெதுவாக வைத்தான். தகரம் இருக்கிற இடத்தில் ஒட்டும். ஓட்டையை அடைத்து மக்கு பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் ஒட்டாது. அந்தக் காரில் காந்தம் மேலே ஒட்டியதைவிடக் கீழே விழுந்ததுதான் அதிகம். அது கூடப் பரவாயில்லை. இரண்டே கதவு. பின்சீட்டுக்குப் போக முன்சீட்டைக் கவிழ்த்து, குனிந்து நுழைய வேண்டும். முன்சீட்டிலோ ரீத்தாவின் கால் உள்ளே திரும்பவில்லை. மூன்று விதமாகப் பார்த்தாள். வியாபாரி பொறுமையிழந்து, பாப்பாவை ஒரு கை கொடுத்துத் தூக்கி வெச்சிடலாமே என்றார். ரீத்தா இறங்கிப் போய் மரத்தடியில் நின்றுகொண்டாள். விலை மூவாயிரத்து ஐந்நூறு. மத்தியான பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

அடுத்த ஞாயிறு புதுச்சத்திரம். நாமக்கல் ரோட்டில் இருபத்து நாலு மைல். இந்த ரோட்டில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. எதிரே வருகிற லாரிகளை எண்ணலாம். மல்லூர் தாண்டினால் இரண்டு பக்கமும் கடலைக் காடு, மரவள்ளி, கிணற்றடிகளில் தென்னை. வெயில் மட்டும் யாரையும் மதிக்காது. குடை கொண்டு போங்கள்.

கார் வைத்திருந்தவர் நல்லசாமி, மரவள்ளி போடுகிற விவசாயி. ரோட்டிலிருந்து இரண்டு பர்லாங்கு உள்ளே தோட்டத்து வீடு. வண்டியை மாட்டுக் கொட்டகையின் ஒரு ஓரத்தில், மாடுகளுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார். கருப்பு நிறம். முன்பக்கம் சீமைக் கார். நீள மூக்கு, இரண்டு பக்கமும் திறக்கிற பானெட். பின்பக்கம் பார்த்தால் ஏதோ ஒன்று வித்தியாசமாக இருந்தது. சூசை காந்தத்தை வைத்தான். முன்னால் கப்பென்று பிடித்தது. முன்கதவைத் தாண்டிப் பின்னால் எங்கே வைத்தாலும் பிடிக்கவில்லை.

நல்லசாமி சிரித்தார். “அங்க ஒட்டாதுங்க. பொறத்தால பூரா நாமக்கல்லுல லாரிக்குக் கூண்டு கட்டறவங்க கட்டினது. உள்ளுக்கு மரம், மேல அலுமினியத் தகடு. பாதி சீமை, பாதி நாமக்கல்லுங்க.”

மறைக்காமல் முழுக் கதையும் சொன்னார். அவருடைய அம்மாவுக்கு முட்டி இரண்டும் வீங்கி மடங்காமல் போய்விட்டது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வாரா வாரம் போக வேண்டும். காரில் ஏற முடியவில்லை. அதனால் பின்பக்கத்தையே அறுத்தெடுத்து, அதே வளைவு, அதே ஜன்னல் என்று அச்சாகத் திரும்பக் கட்டி, கதவை மட்டும் அரை முழம் அகலமாக்கி, கீழே ஏறுபலகையை ஒரு சாண் இறக்கி வைத்திருக்கிறார்கள். கதவுக்குக் கீல் பின்பக்கம். திறந்தால் நாற்காலியில் உட்கார்கிற மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அம்மா இப்போது மூத்த மகனோடு கோயமுத்தூரில் இருக்கிறார். இவர் டிராக்டர் வாங்கிவிட்டார். அதனால் கார் விற்பனைக்கு.

சூசை என்னை ஓரமாகத் தள்ளிப் போனான். “மச்சான், பாதி வண்டி டூப்ளிகேட். மார்க்கெட்ல இதுக்குப் பாதி வெலதான். அத நான் பேசிக்கறேன். நீங்க மூஞ்சிய மட்டும் சும்மா வெச்சுக்கங்க.”

சரி என்று மூஞ்சியைச் சும்மா வைத்துக்கொண்டு திரும்பினேன். அதற்குள் ரீத்தா பலகையில் வலது காலை வைத்துவிட்டாள். கதவுத் தூணைப் பிடித்து எழும்பினாள், திரும்பினாள், சீட்டில் உட்கார்ந்தாள், முழங்கால் பூட்டை விரலால் தூக்கினாள், காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தாள். யாரும் கிட்டப் போகவே இல்லை.

என் மூஞ்சி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. சூசை நெற்றியில் அடித்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன். வியாபாரம் பேசுகிறவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கலாமா? அந்த இடத்தில் நல்லசாமி ஐந்நூறு ரூபாய் ஏற்றியிருந்தாலும் கொடுத்திருப்பேன். அவர் கொஞ்ச நேரம் வண்டிக்குள் இருந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பே சொன்ன இரண்டாயிரத்து நானூற்றில் முந்நூறு தள்ளிக்கொள்ளுங்க என்றார். பேரம் பேசவென்று தயாராக வந்திருந்த சூசைக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போனது.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரிஜினல் என்று சொல்லி மக்கு பூசியதை வாழப்பாடியில் பார்த்தேன். நகல் என்று சொல்லியே விற்ற இந்த வேலையின் சுத்தம் அதில் கால்வாசி இல்லை. ஜன்னல் சட்டம் கூடுகிற மூலையில் நகம் நுழையாது. லாரிக்குக் கூண்டு கட்டுகிற கை இவ்வளவு மெல்லிசாகவும் வேலை செய்யும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பணம் கொடுத்து, சாவி வாங்கியாயிற்று. பாட்டரி பலவீனம், செல்ஃப் எடுக்காது, இஞ்சினுக்கு முன்னால் இரும்பு ஹேண்டில் போட்டுத்தான் சுற்ற வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். அவரே முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்ற, இரண்டாவது சுற்றில் இஞ்சின் பிடித்தது. அவருடைய மனைவி பாவாயம்மா பானெட்டில் குங்குமம் வைத்தார். ரீத்தாவின் கையில் இரண்டு தேங்காய் கொடுத்து, “பத்திரமாப் போயிட்டு வா சாமி” என்றார். பிறகு கணவர் கையிலிருந்த ஹேண்டிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். நான் அதைப் பார்த்தேன். ஆனால் தேங்காயை எங்கே வைப்பது என்பதுதான் அப்போது என் யோசனை.

சூசை ஓட்டினான். மணிக்கு இருபத்தைந்து மைல். மகாராஜா மாதிரி கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு வந்தேன். மல்லூரில் டீ குடிக்கலாம் என்று நானேதான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சூசை இஞ்சினை அணைத்தான். டீ நன்றாக இருந்தது. திரும்பி வந்து சீட்டுக்கு அடியில், டிக்கியில், தேங்காய்களுக்குப் பின்னால் என்று தேடினோம். ஹேண்டில் இல்லை.

ஏமாற்றிவிட்டானே என்று நல்லசாமியைத் திட்ட ஆரம்பித்தேன். அவருடைய டிராக்டரையும் சேர்த்துத் திட்டினேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“ஏனுங்க, சந்தைல மாடு புடிக்கப் போனா கயிறு கொண்டு போவீங்களா, மாட்டீங்களா?”

“நாங்க மாடு வாங்கினதில்லீங்களே.”

“அதான் தெரியுதே” என்றார். “மாட்ட வித்தா கயித்தக் குடுக்க மாட்டாங்க. வாங்கறவங்க புதுக் கயிறு போட்டுப் புடிச்சிட்டுப் போவணும். கயித்தையும் சேத்துக் குடுத்தா ஊட்டுல மிச்சம் இருக்கறதும் பொறத்தாலயே போயிரும்பாங்க. வண்டி மாட்டோட கொட்டாயில நின்னுதுன்னீங்க. அந்தம்மா ஹேண்டிலத்தான் கயிறுன்னு எடுத்து வெச்சிருக்கும். ஏமாத்தறதாங்க இது? நீங்க வெறுங்கையோட வந்தது தெரியாதுங்களே அவங்களுக்கு.”

திட்டியதை எல்லாம் எப்படித் திரும்ப விழுங்குவது என்று தெரியாமல் நின்றேன். கயிறு இல்லாமல் மாடு பிடிக்கப் போன டவுன்காரர்களைப் பார்க்க டீக்கடையே எழுந்து வந்தது. டிரைவர், கிளீனர், டீக்கடைக்காரர், நான் என்று ஏழு பேர் தள்ளினோம். இறங்கிக்கொள்கிறேன் என்று எழுந்த ரீத்தாவை, நீ கனமே இல்லை, இரு சாமி என்று டிரைவர் உட்கார வைத்துவிட்டார். நூறு கஜம் போனதும் வண்டி உறுமிக் கிளம்பியது. நான் ஓடிப் போய் மூச்சிரைக்க ஏறினேன்.

ரீத்தா சொன்னாள்: “என்னைத் தூக்கறதுக்கு ஒரு ஆள் போதும்ப்பா. இதைத் தூக்கறதுக்கு ஏழு பேர் வேணும்.”

சீலநாயக்கன்பட்டி வருகிற வரைக்கும் சூசை சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

நீங்களும் போவதாக இருந்தால்: காந்தம் ஒன்றும் கைக்குட்டை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போனால் காலை வண்டியே நல்லது. பதினோரு மணிக்கு மேல் வெயிலில் தகரத்தைத் தொட முடியாது, கண்ணும் கூசும். தோட்டத்து வீடுகளில் விற்கிற வண்டிக்குக் கதை உண்டு. அவசரப்படாமல் கேளுங்கள், விலை அதற்குள்தான் இருக்கும். ஹேண்டில் உங்களுடையதைக் கொண்டு போங்கள். எங்களுக்குப் பட்டறையில் சூசை அடித்துக் கொடுத்தது ஆறு ரூபாய் ஆயிற்று. பாவாயம்மாவிடம் திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. முக்கியமாக, வண்டியில் ஏறப்போகிறவர் யாரோ அவரைக் கூட்டிப் போங்கள். வாங்கிய பிறகு சேலத்துத் தரகர் ஒருவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, முன்பாதிக்கு ஆயிரத்து இருநூறு தரலாம், பின்பாதியை விலையிலேயே சேர்க்க முடியாது என்றார். எனக்கு அந்தப் பின்பாதிதான் வேண்டும் என்று சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மிச்சமிருந்த மே முழுக்க ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் கொடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று எட்டே முக்காலுக்குக் கேட் முன்னால் நிறுத்தினேன். வாசல் முழுக்கப் பெண் பிள்ளைகள், ஜட்கா, சைக்கிள். இஞ்சினுக்கு அப்போது ஒரு சீக்குப் பிடித்திருந்தது. நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அணைந்துவிடும். அப்புறம் அத்தனை பேர் முன்னால் இறங்கி நின்று ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். இருந்தாலும் கை பழக்கத்தில் என் பக்கத்துக் கதவைத் திறந்தேன், அவளை இறக்கிவிட.

“அப்பா, இறங்காதீங்க. காலை எடுத்தா வண்டி நின்னுடும்.”

பின்கதவு திறந்தது. பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்குள் போனாள். யாரோ ஒரு பெண் அவளிடம் ஏதோ கேட்டாள், இவள் காரைக் காட்டி ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும். பின்னால் ஜட்காக்காரர் நகரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அவள் படியேறி உள்ளே போகிறவரை நான் காலை எடுக்கவில்லை.