சுடாத கல் வீடு

எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. அதனால் கெட்ட காரியங்கள் எத்தனையோ உண்டு, எல்லாம் மறந்துபோயிற்று. இது ஒன்றுதான் விடமாட்டேன் என்கிறது. மழை பெய்தால் போதும், சுவரை யாரோ உள்ளங்கையால் தடவுகிற சத்தம் கேட்கும். "பல்லியா இருக்கும், போங்க" என்பாள் மனைவி. பல்லியாம்!

எழுபதுகளின் கடைசியில் தில்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் ஜூனியர் என்ஜினியராக இருந்தேன். ஏழைகளுக்கு மலிவாக ஒரு வீடு கட்டிக் காட்ட வேண்டும். செங்கல் சூளை வைத்து நிலக்கரி எரிக்கவும் கூடாது. மண்ணில் கொஞ்சம் சிமெண்டு கலந்து, கைமெஷினில் அழுத்தி, நிழலில் காயவைத்த கல். ஆர்.கே.புரத்துக்கு அப்பால் ஒரு பொட்டலில் அப்படி ஒற்றை அறை வீடு எழும்பியது. ஒரு மழைக்காலம் முழுக்க அதில் யாராவது குடியிருக்க வேண்டும். சுவர் தாங்குகிறதா என்று நான் வாராவாரம் பார்த்து எழுத வேண்டும்.

அந்தக் கற்களை மெஷினில் அழுத்திக் கொடுத்த ஒரு விழுப்புரத்துப் பெண்ணையும், கொத்தனாரான அவள் புருஷனையும், கைக்குழந்தையையும் குடிவைத்தோம். அவர்களுடைய குடிசை அந்தக் கோடையில்தான் இடிபட்டிருந்தது. சாவியை வாங்கும்போதே அவள் கேட்டாள்.

"மழை முடிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவாங்களா சாரு?"

"சுவரு தாங்கிச்சுன்னா வீடு உனக்குத்தாம்மா."

யார் வீட்டை யார் கொடுப்பது! சோதனை முடிந்ததும் வீட்டைப் பிரித்து, கற்களைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதை டைப் செய்யக் கொடுத்தவனே நான்தான்.

அந்த வருஷம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நான் போகும்போதெல்லாம் சுவர் வழுவழுவென்று இருந்தது. ஒருநாள் சொல்லாமல் போனேன். ஜன்னலுக்குக் கீழே ஒரு விரிசலில் அவள் மண்ணைக் குழைத்து அப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக் கையைப் பின்னால் மறைத்தாள்.

"ஒண்ணுமில்ல சாரு, சும்மா மெழுவறேன்."

பார்க்காதவன் போலத் திரும்பி வந்து, 'விரிசல் இல்லை' என்று எழுதினேன். அடப்பாவி, அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மழை ஓய்ந்து, அக்டோபரில் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். சண்டை போடுவாள், சாபம் விடுவாள் என்று பயந்தபடி நின்றேன். அவள் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்தாள். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"எங்க சாரு வுட்டுட்டேன்? தெனமும் தடவித் தடவிப் பாத்தேனே. எங்க வெடிச்சிருந்துச்சி?"

வெடிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையம்மா, நான்தான் பொய் சொன்னேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஜீப்பில் இருந்த மேலதிகாரி "ஜல்தி, ஜல்தி" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கி, கூரைக்குக் கீழே ஒரு மூலையைக் காட்டினேன்.

அவள் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அங்க எனக்கு எட்டலியே சாரு" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்.