நாலாவது பிளக் ஒயர்

கடலூர் முதுநகரில் சடையப்பன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'புடிச்சுப் பாருங்க சடையப்பன்' என்று கேளுங்கள், டீ குடிக்கிறவர்கூட டம்ளரை வைத்துவிட்டு வழி சொல்வார். பழைய பெட்ரோல் கார்களுக்குக் கடையில் கிடைக்காத, இன்ஜினுக்குத் தீப்பொறிக் கரண்ட் கொண்டுபோகும் பிளக் ஒயரை அளவெடுத்து வெட்டி, முனையில் பித்தளை கிளிப் அடித்து, ரப்பர் தொப்பி மாட்டிக் கொடுப்பது அவர் தொழில். வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, வண்டிக்காரர் கையை இழுத்து ஒயர்மேல் வைப்பார். "புடிச்சுப் பாருங்க! ஷாக் அடிச்சா ஒரு பைசா வேணாம்." இருபது வருசமாக ஒருத்தருக்கும் அடித்ததில்லை. அந்தத் திமிர் மனுசனுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

2009-இல் சிதம்பரத்திலிருந்து சபாபதி வாத்தியார் போன் செய்தார். ரிட்டயரானவர். அவருடைய பழைய பத்மினி கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சடையப்பன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அந்த வண்டிக்கு நாலு ஒயர் வேண்டும்; மூன்று வெட்டியதும் ஒயர்ச் சுருள் தீர்ந்துபோனது. இன்னொன்றுக்காகக் கடலூர் போய் வர யாரால் முடியும்? பையின் அடியில் எப்போதோ போட்ட பழைய துண்டு ஒன்று கிடந்தது. தடவிப் பார்த்தார்; மேல்ரப்பர் லேசாக வெடித்திருந்தது. ரப்பர்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று அதையே நாலாவதாக மாட்டினார்.

சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. வாத்தியார் முகமெல்லாம் சிரிப்பு. சடையப்பன் வாய் சும்மா இருக்குமா?

"புடிச்சுப் பாருங்க சார்!"

"இருக்கட்டும்பா, அதான் ஓடுதே."

"அட, என் வேல மேல நம்பிக்க இல்லியா சார்?"

வாத்தியார் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். நாலாவது ஒயருக்கு ஒரு விரற்கடை தூரம். காப்பியோடு வந்த அவர் மனைவி விருத்தாம்பாள் டம்ளரைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்.

"அய்யய்யோ, கைய எடுங்க! நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சு ஒரு மாசம் ஆவல! ஓடுற இன்ஜின்கிட்ட குனியவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

சடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் சார் எங்கிட்ட சொல்லல?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "நீ அவ்ளோ ஆசையா சொன்ன. புடிக்கலன்னா உன் மனசு சங்கடப்படுமேன்னு பாத்தேன்."

"ஒண்ணும் ஆயிருக்காதும்மா, பாருங்க," என்று சடையப்பன் தானே கை வைத்தார். மூன்று ஒயரும் அடிக்கவில்லை. நாலாவதைத் தொட்டதுதான் தாமதம், தோள்வரை உதறித் தூக்கிப்போட்டது. மல்லாந்து விழுந்தார்.

வலி பெரிதில்லை. அடப்பாவி, ஒரு மனுசனைக் கொன்றிருப்பேனே! இருபது வருசத்தில் எத்தனை பேர் கையைப் பிடித்து இழுத்தேன், ஒருத்தரிடமாவது உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டேனா?

"பழைய துண்டும்மா. தெரிஞ்சேதான் போட்டேன்," என்றார்.

அன்றைக்கே கடலூர் போய், சாயங்காலம் புதுச் சுருளோடு திரும்பினார். நாலையும் புதிதாக வெட்டி மாட்டினார். வாத்தியாரை எதிர்சாரி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். ஒவ்வொரு ஒயராகத் தானே பிடித்தார். ஒன்றும் அடிக்கவில்லை. ஆனாலும் நாலாவதை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"போதும் சடையப்பா, கைய எடு," என்று வாத்தியார் மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தார். "புடிச்சுப் பாக்காமலே நம்புறேன்."