பேர் வெட்டாத பெட்டி

சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி அது. வயரைச் செருகினால் ஓரத்தில் நீலமாக ஒரு புள்ளி மினுங்கும். இந்த மலையில் எதை வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் உப்பையும் தீப்பெட்டியையும் வைப்பதுபோல அதையும் அடுப்புக்கு மேலே சுவர் மாடத்தில், ஒரு கம்பளித் தொப்பிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். தொப்பி என் வீட்டுக்காரருடையது. பெட்டியும் அவர் வாங்கியதுதான். ஒரு ஆட்டம்கூட ஆடத் தெரியாத மனிதர், வீடியோ கேம் பெட்டியில் இடம் போதவில்லை என்று குன்னூர்வரை பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தது அது.

கேம் பெட்டி எங்கள் மகனுடையது. ஃபேக்டரியில் வேலையாக இருந்தபோது, ஊட்டியில் யாரோ ஆடி அலுத்ததை வாங்கி வந்து டிவியில் மாட்டினான். கார் பந்தயம் ஓட்டுவான். அப்புறம் தேயிலைக்கு விலை விழுந்தது. இலையைப் பறித்து என்ன செய்வது என்று எஸ்டேட்டே கையைக் கட்டிக்கொண்டு நின்ற காலம். ஃபேக்டரியை மூடினார்கள். கவாத்து வெட்டாத செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, அதற்குள் கரடி குடியேறியது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த இளவட்டம் எல்லாம் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு இறங்கினார்கள். மகனும் இறங்கினான். போகிற அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "அப்பா, ரேஸு பாதியில நிக்குது. யாரையும் தொட விட்ராதீங்க, வந்து முடிச்சுக்கறேன்" என்றான். சும்மா சொன்னதுதான். ஆனால் இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, மனசில் போட்டுக்கொண்டார்.

அங்கேயே அவனுக்குக் கல்யாணம் ஆனது, பெண் குழந்தை பிறந்தது. வருவது குறைந்தது. அதே கம்பெனியில் வேலை பார்த்த எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி லீவில் வரும்போதெல்லாம், குழந்தை தவழ்வதையும் சிரிப்பதையும் ஒரு பென் டிரைவில் கொண்டுவருவாள். கேம் பெட்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பென் டிரைவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒரு தடவை அவள் கையைப் பிசைந்தாள்.

"அத்தை, பெட்டி நெறஞ்சு போச்சு. புதுசு ஏற மாட்டேங்குது."

மறுநாளே இவர் கேம் பெட்டியைக் கம்பளியில் சுற்றி, நான் கொழுந்து பறிக்கும் பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். நானும் கூடப் போனேன். குன்னூர்க் கடைக்காரர் பெட்டியை டிவியில் மாட்டிப் பார்த்தார். திரையில் மகன் பேர் வந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவன் பேரின் முதல் எழுத்து கவாத்துக் கத்தி மாதிரி வளைந்திருக்கும், அதை எங்கே பார்த்தாலும் தெரிந்துகொள்வேன்.

"ஏனுங்க பெரியவரே, இந்தப் பேருலதான் கேம் எல்லாம் கெடக்குதுங்க. யாரும் ஆடறதில்லீங்கல்ல? அழிச்சுப் போட்டா எடம் தானா வந்துருமுங்க."

"அழிக்கறதுன்னா? பேர் வெட்டறதா?"

"அப்படித்தானுங்க."

இவர் எழுந்து நின்றுவிட்டார். தோட்டத்து ஆளுக்குப் பேர் வெட்டுவது என்றால் என்ன என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரிய வழியில்லை. செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பேர் இருக்கிறவரைக்கும்தான் எங்களுக்கு வேலை, வீடு, ரேஷன், எல்லாம். சிலோனில் இவர் பிறந்த தோட்டத்தில், இந்தியாவுக்குப் போகிறவர்கள் என்று எழுதி, குடும்பத்தோடு பேரை வெட்டி, வேலை முடிந்தது என்று பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துக் கப்பலேற்றினார்கள்.

"எம்பேர ஒரு வாட்டி வெட்டினாங்க தம்பி. எம்மகன் பேர நான் வெட்ட மாட்டேன். அவன் எடம் அவனுக்கு. வேற எடம் இருந்தாச் சொல்லு."

அப்போதுதான் கடைக்காரர் இந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்தார். வெளியே இருந்து வயரில் மாட்டிவிட்டால் படமெல்லாம் இதில் ஏறிக்கொள்ளும், உள்ளே இருப்பதைத் தொட வேண்டியதில்லை என்றார். உங்களுக்கும் ஒரு பேர் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். இவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆபீஸில் பேர் பதிகிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பேர், அப்பா பேர், மூணாம் டிவிசன் என்று ஒப்பித்தார்.

"அய்யோ, அவ்வளவு வேண்டாமுங்க. பேர் மட்டும் போதுமுங்க. பக்கத்துல ஒரு படம் வரும். பூவு, பந்து, கரடி, எது போடட்டுங்க?"

"கரடியே போடு. இப்பத் தோட்டத்துல வேலைக்கு வர்றது அது ஒண்ணுதான்" என்றார். அந்த வருஷம் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் சாயங்காலம் மூடுபனி இறங்கினால் எங்களுக்கு அதுதான் துணை. மேலே அவர் பேர், கீழே மகன் பேர். தன் பேருக்குள் போய்ப் பேத்தியைப் பார்ப்பார். அணைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் மகன் பேரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்குள் போனதே இல்லை. "வந்து முடிப்பான்" என்பார். பந்தயத்தை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தேயிலைக்கு விலை ஏறும், ஃபேக்டரி திறக்கும், மகன் வந்து வேலைக்குப் பேர் கொடுப்பான் என்று இருந்தார். ஃபேக்டரி திறக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார்.

மகன் குடும்பத்தோடு வந்தான். எல்லாக் காரியத்தையும் குறையில்லாமல் செய்தான். வந்தவர்கள் கலைந்த பிற்பாடு, கை சும்மா இருக்க முடியாமல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"அம்மா, இத இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று ஆச்சரியப்பட்டான். "எடம் பத்தாம தனியா ஒரு பெட்டி வேறயா? எம்பேர அழிச்சிருந்தா போதுமே. அப்பாவுக்கு யாரும் சொல்லலையா?"

நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் இரண்டு பொத்தானைத் தட்டிவிட்டான். திரையிலிருந்து அந்தக் கவாத்துக் கத்தி எழுத்து போனது.

"பாருங்க, எவ்வளவு எடம்!" என்றான். எனக்கு நல்லது செய்த சந்தோஷம் அவன் முகத்தில். காப்பி ஆறுது, குடி என்றேன்.

கூட வரச் சொன்னான். வரவில்லை என்றேன். லயத்தில் இப்போது என்னோடு சேர்த்து ரெண்டு வீட்டில்தான் விளக்கு எரிகிறது. மகன் கூட்டிப்போகவில்லையா என்று அந்த இன்னொரு வீட்டுக்காரி கேட்டால், நான்தான் போகவில்லை என்று சொல்வேன். அது பொய்யும் இல்லை.

பேத்தி படமெல்லாம் அவர்கள் போனிலேயே இருக்கிறதாம். பென் டிரைவ் கொண்டுவந்த பெண்ணும் கல்யாணமாகிப் போய்விட்டாள். பனி இறங்கும் நாளில் மாடத்திலிருந்து தொப்பியை எடுத்து, பெட்டியை மாட்டுகிறேன். நீலப் புள்ளி மினுங்குகிறது. திரையில் கரடியும், கரடிக்குப் பக்கத்தில் அவர் பேரும் வருகின்றன. இருக்கிறவன் பேர் வெட்டியாகிவிட்டது, இல்லாதவர் பேர் நிற்கிறது. அதற்குக் கீழே எவ்வளவோ இடம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வயரைப் பிடுங்கி, பெட்டியின் சூடு ஆறுவதற்குள் தொப்பிக்குள் போட்டு மாடத்தில் வைக்கிறேன். ஈரம் ஏறக் கூடாது.